இரண்டு படைகளை ஊரைவிட்டு அனுப்பியவர்கள்: தெற்கு யமாஷிரோ, 1485–1493

1485ஆம் ஆண்டின் கடைசி மாதம், ஜப்பானியச் சந்திர நாட்காட்டிப்படி பதினோராம் நாள். நாரா நகரின் கோஃபுகுஜி பௌத்த மடத்தில் உயர்பீடம் வகித்த துறவி ஜின்சோன், தன் நாட்குறிப்பில் ஒரு செய்தியை எழுதிவைத்தார். யமாஷிரோ மாகாணத்துக் கொகுஜின், அதாவது உள்ளூர்ச் சிறு வாளேந்திகள், இன்று கூடினார்கள்; மூத்தவருக்கு அறுபது வயது, இளையவருக்குப் பதினைந்து பதினாறு; மாகாணத்துக் குடியானவர்களும் திரண்டு வந்திருக்கிறார்கள்; அங்கே பாளையமிறங்கியிருக்கும் இரண்டு படைகளையும் என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம். இவ்வளவையும் குறித்துவிட்டு, இது நியாயம்தான் போலும், ஆனாலும் கீழோர் மேலோரை மிஞ்சுவதன் உச்சம் இது என்று தன் கருத்தையும் சேர்த்தார்.

ஆறே நாளில் இரண்டு படைகளும் கிளம்பிப் போயின. அடுத்த எட்டு ஆண்டுகள் தெற்கு யமாஷிரோவில் ஆளுநர் என்று யாரும் கால் ஊன்ற முடியவில்லை. தலைநகரான கியோட்டோ அதே மாகாணத்தின் வடபகுதியில் இருக்க, நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுனின் மாளிகையிலிருந்து ஒரு நாள் நடைத்தூரத்தில் இது நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜப்பானிய வரலாற்றாசிரியர் இந்தக் கூட்டத்தை மக்கள் நாடாளுமன்றம் என்கிற பொருள்படவே அழைத்தார். அந்தப் பெயர் பிடித்துப்போய் விட்டது. இன்றும் யமாஷிரோ கிளர்ச்சி என்றால் குடியானவர்கள் பிரபுக்களைத் துரத்திய கதை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தச் சித்திரத்தில் நம்பிக்கை குறைவு. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கியது உண்மை. எதுவரை இறங்கி எங்கே நின்றது என்பதைப் பார்க்க வேண்டுமானால், அந்த எட்டு ஆண்டுகளில் வயலின் நெல்லில் மேல்வாரம், அதாவது நில உரிமையாளருக்குச் சேர வேண்டிய பங்கு, யார் கைக்குப் போனது என்று பார்த்தாலே போதும்.

ஒரு குடும்பச் சண்டை

அந்த இரண்டு படைகளின் கதை ஓனின் உள்நாட்டுப் போரில் தொடங்குகிறது. அந்தப் போர் 1467இல் மூண்டது. ஷோகுன் ஆஷிகாகா யோஷிமாசாவுக்கு அடுத்து யார் என்ற கேள்வி ஒருபுறம். ஹோசோகாவா கட்சுமோட்டோ, யமானா சோசென் என்ற இரு பெரும் பிரபுக்களின் பகை மறுபுறம். ஆனால் முதல் மோதல் இவர்களுக்கிடையே நடக்கவில்லை. கியோட்டோவின் காமிகோரியோ கோயில் தோப்பில் மோதிக்கொண்டவர்கள் ஹதக்கேயாமா வீட்டின் இரண்டு வாரிசுகள்: யோஷிநாரியும் மசநாகாவும். வீட்டுத் தலைவர் மோச்சிகுனி முதலில் தன் தம்பியை வாரிசாக அறிவித்தார். பிறகு மனம் மாறித் தன் மகன் யோஷிநாரியைக் கொண்டுவந்தார். தம்பியின் மகன்தான் மசநாகா. குடும்பத்தின் அடியாட்களும் சிற்றரசுக் குடும்பங்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஷோகுன் அரசு ஒரு வருடம் இவருக்கும் அடுத்த வருடம் அவருக்கும் பட்டம் கட்டியது. ஹோசோகாவா மசநாகா பக்கமும், யமானா யோஷிநாரி பக்கமும் சாய்ந்தபோது குடும்பச் சண்டை நாட்டுப் போரானது.

தலைநகரின் பெரும்பகுதி எரிந்தது. 1473இல் சில வாரங்கள் இடைவெளியில் சோசெனும் கட்சுமோட்டோவும் இறந்துபோனார்கள். 1477இல் யமானாவின் மேற்கு அணிக்குப் பெரும் பலமான ஓஉச்சி மசாஹிரோ தன் ஊருக்குத் திரும்ப, போர் முடிந்ததாகச் சொன்னார்கள். யார் வென்றார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஹதக்கேயாமா வாரிசுகளுக்கு மட்டும் அது முடியவில்லை. யோஷிநாரி தெற்கே கவாச்சி மாகாணத்தைப் பிடித்துக்கொண்டார். மசநாகா யமாஷிரோவின் ஆளுநர் என்று பட்டம் வைத்திருந்தார். 1482 இறுதியிலிருந்து யோஷிநாரியின் ஆட்கள் தெற்கு யமாஷிரோவுக்குள் புகுந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் குசே, ட்சுசுகி, சோராகு ஆகிய மூன்று வட்டங்களும் இந்த இருவரின் போர்க்களம்.

கிசு ஆற்றின் இருகரையிலும் பரந்த நெல்வயல்கள் கொண்ட பகுதி அது. நாராவிலிருந்து கியோட்டோ போகும் சாலை அதன் நடுவே செல்கிறது. மடங்களின், கோயில்களின், அரண்மனைப் பிரபுக்களின் பண்ணைகள் அங்கே நிறைந்திருந்தன. ஒரு படை வந்து பாளையமிறங்கினால் அந்த ஊரில் என்ன நடக்கும்? படைக்கு உணவு தானியம் அங்கேயே எடுக்கப்படும். அரண் கட்டவும் சுமை தூக்கவும் ஆட்கள் கூலியின்றி இழுத்துச் செல்லப்படுவார்கள். வீடுகளைப் பிரித்து மரத்தை எடுத்துக்கொள்வார்கள். சாலையில் புதுச் சுங்கச்சாவடி முளைக்கும். இரண்டு படைகள் வந்தால் எல்லாமே இரண்டு மடங்கு. 1485இன் இறுதியில் இருவரின் படைகளும் எதிரெதிரே நின்றன. இரண்டு மாதத்திற்கும் மேலாகத் தாக்கவும் இல்லை, போகவும் இல்லை. தின்றுகொண்டே இருந்தன.

கூடியவர்கள் யார்

கொகுஜின் என்போர் பிரபுக்களும் அல்லர், குடியானவர்களும் அல்லர். ஊரில் நிலமும் சிறு அரணும் ஏவலுக்குச் சில ஆட்களும் உள்ள, வாளேந்திய குடும்பத்தார். மடத்துப் பண்ணையில் கணக்குப் பார்க்கும் பொறுப்பும் பலருக்கு உண்டு. கோமா, கிசு போன்ற குடும்பங்கள் இப்படிப்பட்டவை. ஓனின் போரில் இவர்களில் பலர் ஹோசோகாவா அணிக்காகப் போரிட்டவர்கள். மேலே ஒரு பெரிய பிரபுவின் பாதுகாப்பு, கீழே ஊராரின் ஒத்துழைப்பு. இந்த இரண்டும் இருந்தால்தான் இவர்களுக்குப் பிழைப்பு. 1485இல் மேலே இருந்தவர்கள் பாதுகாக்கவில்லை, அழித்தார்கள். ஊராரோ பொறுமையின் எல்லையில் இருந்தார்கள்.

அந்த ஊரார் சும்மா இருந்து பழகியவர்கள் அல்லர். 1428இல் ஓமி மாகாணத்துச் சரக்குக் குதிரைக்காரர்கள் கடன் தள்ளுபடி கேட்டுத் தொடங்கிய கிளர்ச்சி கியோட்டோ, நாரா வட்டாரம் முழுக்கப் பரவியது. அடமானக் கடைகளும் மதுக்கடைகளும் கோயில் வட்டிக்கடைகளும் உடைக்கப்பட்டன. கடன் பத்திரங்கள் எரிக்கப்பட்டன. நாராவுக்குக் கிழக்கே யாக்யூ மலைக்கிராமத்தில் ஒரு பாறையில், 1428க்கு முந்திய கடன் எதுவும் இந்த நான்கு ஊர்களில் இல்லை என்று செதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். 1441இல் கியோட்டோவைச் சூழ்ந்துகொண்டு அரசிடமிருந்தே கடன் தள்ளுபடி ஆணையை வாங்கினார்கள். யோஷிமாசாவின் மனைவி ஹினோ தோமிகோ தலைநகரின் நுழைவாயில்களில் சுங்கச்சாவடி வைத்தபோது, 1480இல் அவற்றையும் உடைத்தெறிந்தார்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த தலைமுறைதான் 1485இல் கொகுஜினுக்குப் பின்னால் திரண்டு நின்றது.

அறுபது முதல் பதினைந்து வரை என்று ஜின்சோன் குறித்த வயது வரம்பைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. ஆயுதம் தூக்கக்கூடிய ஆண்கள் அத்தனை பேரும் என்றே அதற்குப் பொருள். பேச்சுவார்த்தைக்கு வந்த தூதுக்குழு இப்படி இருக்காது. நாங்கள் கேட்பதை நீங்கள் மறுத்தால் மூன்றாவது படையாக இறங்குவோம் என்ற எச்சரிக்கை அந்தக் கூட்டத்தின் உருவத்திலேயே இருந்தது. எந்தப் பக்கம் உடன்படவில்லையோ அந்தப் பக்கத்தைத் தாக்குவோம் என்று வெளிப்படையாகவும் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒருவரையொருவர் முறைத்துக் களைத்திருந்த இரு தளபதிகளுக்கும் இது ஒரு வகையில் வசதியான மிரட்டல். தோற்றேன் என்று சொல்லாமல் வீடு திரும்பலாம்.

அவர்கள் கேட்டது

கோரிக்கைகள் சுருக்கமானவை. இரு ஹதக்கேயாமா படைகளும் இனி இந்த மாகாணத்திற்குள் நுழையக் கூடாது. மடங்கள், கோயில்கள், பிரபுக்கள் ஆகியோரின் பண்ணைகள் முன்போல உரியவர்களிடமே திரும்ப வேண்டும்; வெளிமாகாணத்து ஆட்கள் அவற்றில் நிர்வாகிகளாக வரக் கூடாது. புதுச் சுங்கச்சாவடிகள் எதுவும் இருக்கக் கூடாது.

முதலாவதும் மூன்றாவதும் ஊராரின் கோரிக்கைகள் என்பது வெளிப்படை. சரக்குக் குதிரை ஓட்டுபவனுக்கும் சந்தைக்குப் போகிறவனுக்கும் சுங்கச்சாவடி அன்றாடத் தொல்லை. இரண்டாவதுதான் விசித்திரம். கிளர்ச்சி செய்கிறவர்கள் பழைய நிலச்சொந்தக்காரர்களுக்கே நிலத்தைத் திருப்பித் தரச் சொல்வார்களா?

காரணம் அந்தப் பின்பாதியில் இருக்கிறது. மடம் தொலைவில் இருக்கும். அது நேரடியாக நெல் வசூலிக்க முடியாது. யாரையாவது நிர்வாகியாக வைத்தாக வேண்டும். ஹதக்கேயாமாக்கள் அந்த இடங்களில் அண்டை மாகாணமான யமாட்டோவிலிருந்து தங்கள் ஆட்களைத் திணித்திருந்தார்கள். வெளியூர்க்காரன் போனால், அந்த வேலைக்கு உள்ளூரில் தகுதியானவன் யார்? கொகுஜின்தான். பழைய உரிமையைக் காப்பாற்றுகிறோம் என்ற மரியாதையான சொல்லுக்குள் தங்களுக்கான வேலைவாய்ப்பை அவர்கள் மடித்து வைத்திருந்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் அது.

ஜின்சோனின் மகிழ்ச்சிக்கும் இதுவே காரணம். படைகள் போன செய்தியையும் நிபந்தனைகளையும் எழுதிவிட்டு, மெச்சத்தக்க காரியம் என்று அவர் குறித்தார். கோஃபுகுஜிக்கும் அங்கே பண்ணைகள் உண்டு. கீழோர் மிஞ்சுவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் மிஞ்சுகிற கீழோர் மடத்து நிலத்தை மீட்டுத் தருகிறார்கள் என்றால் நாட்குறிப்பு கொஞ்சம் இளகிவிடுகிறது.

அவருடைய குடும்பப் பின்னணியும் இங்கே பார்க்கத்தக்கது. அவர் தந்தை இச்சிஜோ கனேயோஷி, அரண்மனையின் மிக உயர்ந்த பதவிகளை வகித்தவர், காலத்தின் பெரும் அறிஞர். ஓனின் போரில் அவர் வீடு எரிந்தது, நூலகம் சூறையாடப்பட்டது. மகனின் மடத்தில் அடைக்கலம் புகுந்தார். 1480இல் இளம் ஷோகுன் யோஷிஹிசாவுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரையில், அஷிகாரு எனப்படும் கூலிக் காலாட்படையினர் பகல் கொள்ளைக்காரர்கள், அவர்களைத் தடை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். அப்படிப்பட்ட தந்தைக்குப் பிறந்தவர், ஆயுதம் ஏந்திய ஊர்க்கூட்டத்தைப் பற்றி ‘நியாயம்தான் போலும்’ என்று எழுத நேர்ந்தது. போர் எந்த அளவுக்குக் கணக்கைப் புரட்டிப் போட்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பியோடோயினில் ஒரு சட்டம்

1486 இரண்டாம் மாதம் 13ஆம் நாள் கொகுஜின் மறுபடி கூடினார்கள். இம்முறை உஜியில் இருக்கும் பியோடோயின் கோயிலில். பதினோராம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா குலத்தின் உச்சகட்டச் செல்வத்தில் எழுந்த கோயில் அது; அதன் ஃபீனிக்ஸ் மண்டபம் 1053இல் கட்டப்பட்டது. இச்சிஜோ குடும்பம் அந்த ஃபுஜிவாரா குலத்தின் கிளை. ஆக, ஜின்சோனின் முன்னோர் கட்டிய கோயிலில் உட்கார்ந்து, மாகாணத்திற்கான சட்டத்தை இந்தச் சிறு வாளேந்திகள் வகுத்தார்கள். பாராட்டத்தக்கது என்று முதலில் எழுதிய ஜின்சோன், உடனே, ஆனால் இது இன்னும் தழைத்தால் நாட்டுக்கு நல்லதல்ல என்று சேர்த்துக்கொண்டார்.

சட்டத்தின் வாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. நடைமுறை ஓரளவு தெரிகிறது. முப்பத்தாறு பேர் கொண்ட குழு பொது முடிவுகளை எடுத்தது. மாதத்திற்கு ஒருமுறை பொறுப்பாளர்கள் மாறினார்கள். குற்றவாளிகளைப் பிடிப்பதும் தண்டிப்பதும் அதுவரை ஆளுநரின் வேலை. அதையும் இந்தக் குழுவே எடுத்துக்கொண்டது. மாதமுறைப் பொறுப்பு என்பது அந்தக் காலத்துக் கிராமங்களும் நகர வணிகர்களும் நடைமுறையில் வைத்திருந்ததுதான். யாரும் நிரந்தரத் தலைவராகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. கிராம அளவில் பழகிய வழக்கத்தை மாகாண அளவுக்குத் தூக்கிப் போட்டதில்தான் இவர்களின் உண்மையான புதுமை என்பேன்.

இனி நெல் கணக்கு. அதே 1486இல் முப்பத்தாறு பேர் குழு, பண்ணைகளின் மேல்வாரத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. இந்தப் ‘பாதி எடுப்பு’ பதினான்காம் நூற்றாண்டிலிருந்து ஆளுநர்கள் படைச் செலவைக் காட்டி மடங்களின் மேல் சுமத்திய பழைய வழிமுறை. ஆளுநரைத் துரத்தியவர்கள் ஆளுநரின் வரியைத் துரத்தவில்லை. ஆளுநரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். பண்ணைகள் முன்போல உரியவர்களுக்கே என்ற முழக்கம் வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை.

குடியானவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது? குறைத்துச் சொல்லக் கூடாது. படைகள் போயின, கூலியில்லா வேலை நின்றது, சாலை திறந்தது, விதைத்ததை அறுக்க முடிந்தது. 1485இல் அந்த மூன்று வட்டங்களில் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் அது உயிர் பிழைக்கும் விஷயம். ஆனால் முப்பத்தாறு பேரில் குடியானவர்களின் பிரதிநிதி என்று ஒருவரும் தெரியவில்லை. திரண்டு வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். கூட்டம் நடத்தியவர்கள் மேடையில் இருந்தார்கள். மேல்வாரம் குறைந்ததற்குச் சான்றில்லை. அதன் பாதி போகும் இடம் மட்டும் மாறியது.

ஏன் விட்டுவைத்தார்கள்

ஷோகுன் அரசு 1486இலேயே தன் வீட்டு நிர்வாகக் குடும்பமான இசேயிலிருந்து சதாமிச்சி என்பவரை யமாஷிரோவின் ஆளுநராக நியமித்தது. அவரால் தெற்கே எதையும் செய்ய முடியவில்லை. அரசிடம் சொந்தப் படை என்று அதிகம் இல்லை. யோஷிஹிசா 1487இல் ஓமி மாகாணத்து ரொக்காகு பிரபுவை அடக்கக் கிளம்பி, 1489இல் அந்தப் பாசறையிலேயே இறந்தார்.

உண்மையான பலம் கட்சுமோட்டோவின் மகன் ஹோசோகாவா மசமோட்டோவிடம் இருந்தது. கொகுஜினில் பலர் அவருடைய குடும்பத்துக்கு வேண்டியவர்கள். மசநாகா பெயரளவில் ஹோசோகாவாவின் நண்பர். ஆனால் தலைநகரின் தென்வாசலில் ஹதக்கேயாமா எவரும் பலமாக உட்காருவதை மசமோட்டோ ஏன் விரும்ப வேண்டும்? இந்தக் கிளர்ச்சியே அவர் தூண்டுதல் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஊரெல்லாம் திரண்டதை ஒரு பிரபுவின் சூழ்ச்சி விளக்கிவிடாது. ஆனால் அவர் கண்டும் காணாமல் இருந்ததால்தான் அது எட்டு ஆண்டுகள் நீடித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1493இல் அவர் கண் திறந்தது. புதிய ஷோகுன் யோஷிக்கி, மசநாகாவுடன் சேர்ந்து கவாச்சிக்குப் படையெடுத்துப் போயிருந்தார். யோஷிநாரி 1490இலேயே இறந்துவிட, எதிரில் இருந்தவர் அவர் மகன் மோட்டோயியே. ஷோகுன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மசமோட்டோ தலைநகரில் வேறொருவரை ஷோகுனாக்கினார். மோட்டோயியேயுடன் கைகோத்தார். முற்றுகையில் சிக்கிய மசநாகா தற்கொலை செய்துகொண்டார். பிரபு ஒருவர் ஷோகுனையே மாற்றுகிற இந்தக் காரியத்தின் முன்னால், யமாஷிரோக்காரர்கள் செய்தது பணிவான விண்ணப்பம் போலத் தோன்றும். பல ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் இப்போது போரிடும் நாடுகளின் காலத்தை 1467இலிருந்து தொடங்காமல் இந்த 1493இலிருந்து தொடங்குகிறார்கள்.

புது ஏற்பாட்டில் இசே சதாமிச்சிக்கு யமாஷிரோவை உண்மையிலேயே ஆளும் உரிமை கொடுக்கப்பட்டது. கொகுஜினில் பெரும்பாலோர் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் அஞ்சிய யுத்தம் இப்போது இல்லை. தங்கள் நிலமும் பொறுப்புகளும் மிஞ்சும் என்றால் மேலே யார் பெயர் இருந்தால் என்ன? இதுதான் அவர்களின் கணக்காக இருந்திருக்கும். ஏற்காத சில நூறு பேர் இனயாட்சுமா கோட்டையில் புகுந்துகொண்டார்கள்.

அவர்களை அடக்க அனுப்பப்பட்டவர் ஃபுருஇச்சி சோயின். கோஃபுகுஜியைச் சேர்ந்த போர்த்துறவி, யமாட்டோக்காரர். 1485இல் யோஷிநாரியின் பக்கம் நின்று, கொகுஜினால் வெளியேற்றப்பட்ட படையில் இருந்தவர். இப்போது ட்சுசுகி, சோராகு வட்டங்களின் துணை ஆளுநர் என்ற பட்டத்தோடு திரும்பி வந்தார். ஒன்பதாம் மாதம் கோட்டை விழுந்தது. தேநீர்க்கலையின் முன்னோடி முராதா ஜுகோ, அகந்தையும் பிடிவாதமும் இந்தக் கலைக்கு ஆகாது என்று எழுதிய புகழ்பெற்ற கடிதம் இதே ஃபுருஇச்சிக்கு எழுதப்பட்டதுதான். தேநீர் வரலாற்றில் அவருக்கு ஒரு முகம். கிசு ஆற்றங்கரையில் வேறு முகம்.

ககாவும் பிறகு வந்ததும்

இதே காலத்தில் இன்னொரு மாகாணமும் ஆளுநரை உதறியது. 1488இல் ககாவில் ஜோதோ ஷின்ஷூ பிரிவைச் சேர்ந்த பௌத்தர்களும் உள்ளூர் வாளேந்திகளும் சேர்ந்து தோகாஷி மசாச்சிகாவைத் தக்காவோ கோட்டையில் வளைத்தார்கள். அவர் உயிரை விட்டார். தோகாஷி குடும்பத்திலேயே முதியவர் ஒருவரைப் பெயருக்கு ஆளுநராக வைத்துக்கொண்டு, 1580இல் பெரும் படைத்தலைவர் ஓதா நோபுநாகாவின் தளபதிகள் வரும்வரை ககா நீடித்தது. அங்கே குடியானவனையும் கொகுஜினையும் ஒரே பிரார்த்தனைக் கூடத்தில் உட்காரவைத்த, அந்தப் பிரிவின் தலைமையான ஹொங்கான்ஜி மடத்தின் வலையமைப்பு இருந்தது. யமாஷிரோவில் இருவரையும் சேர்த்துவைத்தது பொது எதிரி மட்டுமே. எதிரி போனதும் பிணைப்பும் போனது. தலைநகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்ததும் உதவவில்லை.

1493க்குப் பிறகும் தெற்கு யமாஷிரோவின் மடத்துப் பண்ணைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கோஃபுகுஜிக்கு வர வேண்டிய மேல்வாரம் மேலும் மேலும் வழியிலேயே நின்றுபோனது. கொகுஜின் குடும்பங்கள் யார் ஆண்டாலும் இடையில் இருந்தார்கள். அந்த இடைநிலையை உண்மையில் ஒழித்தது இசேயோ ஃபுருஇச்சியோ அல்ல. 1582இல் நோபுநாகா கொல்லப்பட்டதும் அதிகாரத்தைப் பிடித்த டொயோடோமி ஹிதேயோஷி, தன் நிலக்கணக்கெடுப்பை முதலில் யமாஷிரோவில்தான் தொடங்கினார். எந்த வயலை யார் உழுகிறான், அதன் விளைச்சல் எவ்வளவு என்று ஊர் ஊராக எழுதப்பட்டது. ஒரு வயலின் மேல் பலர் அடுக்கடுக்காக உரிமை கொண்டாடுவது முடிவுக்கு வந்தது. 1588இல், கியோட்டோவின் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி செய்யப்போவதாகச் சொல்லிக் கிராமங்களில் இருந்த வாள்களையும் ஈட்டிகளையும் வாங்கிக்கொண்டார்கள். கொகுஜின் வழிவந்தவர்கள் ஒரு பிரபுவின் கோட்டை நகரத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் வீரர்களாக வேண்டும், அல்லது வாளைக் கொடுத்துவிட்டு ஊரில் உழவர்களாகப் பதிய வேண்டும். இரண்டுமாக இருக்க இனி வழியில்லை. அந்த ஆணையைப் போட்ட ஹிதேயோஷி, ஓவாரியில் ஒரு சாதாரணக் காலாட்படையாளின் மகனாகப் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது.